ரெஜினா டீச்சரும் ஆடு தின்ற குடிலும்

செய்தி வந்தபோது நான் கம்பத்தில் ஒரு திராட்சை மண்டி வாசலில் நின்று, கழித்துப் போட்ட அட்டைப்பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என்னை அங்கே அனுப்பியதே ரெஜினா டீச்சர்தான். முந்தின நாள் மாலை போனில், "பி.டி. சார், டிசம்பர் பொறக்கப் போகுது, இன்னும் ஒரு அட்டைகூட வந்து சேரல. காலையில மண்டிக்குப் போறீக. நனைஞ்ச பெட்டி வேண்டாம்" என்று உத்தரவு போட்டார். நான் வாயைத் திறக்குமுன் போனை வைத்தும் விட்டார்.

பெட்டிகளைப் பைக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த டீச்சர் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார். வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விஷயம் தெரியாத மண்டிக்காரர், "இன்னும் ரெண்டு கெடக்கு சார், வேணுமா?" என்றார். வேணும் என்று சொல்லி அதையும் சேர்த்துக் கட்டினேன். துக்க வீட்டுக்கு எல்லோரும் மாலையோடு போவார்கள், நான் அட்டைப்பெட்டியோடு போய் நின்றேன். ஒருவர்கூட என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. டீச்சருடைய கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்கன, மாடிப்படிக்குக் கீழ வைங்க சார். அவ அங்கனதான் வைப்பா" என்றார்.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கம்பத்துக்கும் கோம்பைக்கும் நடுவில் எங்கள் மிஷன் பள்ளி இருக்கும் ஊரில் காலமெல்லாம் கணக்கு நடத்தியவர் ரெஜினா டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் டிசம்பர் வந்தால் தினமும் பள்ளிக்கு வந்து எங்களை வேலை வாங்குவார். கணக்கு டீச்சர்தான், ஆனால் அவர் வெட்டும் நட்சத்திரத்தில் ஒரு முனை மட்டும் எப்போதும் கொஞ்சம் நீண்டிருக்கும். சொன்னால் கோபம் வந்துவிடும். "வானத்துல இருக்கிறத நீங்க போயி அளந்து பாத்தீகளா?" என்பார்.

நான் அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியன். கோம்பையில் விவசாயக் குடும்பம், அம்மனுக்கு முளைப்பாரி எடுக்கிற வீடு. எனக்கும் கிறிஸ்துமஸுக்கும் சம்பந்தம் உண்டானது ஒரு சண்டையில். எங்களுக்கு அந்த ஊர் வாய்க்காலின் கடைமடையில் கொஞ்சம் வயல் உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் சர்ச்சில் பாலன் ஏசுவுக்குக் கட்டிய குடிலைப் பிரித்து, தெர்மாகோல் மலையையும் தெர்மாகோல் பனியையும் வாய்க்கால் கரையில் கொட்டிவிடுவார்கள். காற்றடித்தால் அது தண்ணீருக்குள் போகும், தண்ணீர் எங்கள் பயிருக்குள் வரும். ஒரு பொங்கல் சமயத்தில் பயிருக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக மிதந்ததைக் கை நிறைய அள்ளி, பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் ஆசிரியர் அறையில் டீச்சர் மேசையில் கொட்டினேன். "உங்க கிறிஸ்துமஸ் பனி எங்க வயல்ல பெய்யுது டீச்சர். எடுத்துக்கங்க" என்றேன். கடுப்பு அப்படி.

நான் எதிர்பார்த்தது வாக்குவாதம். அவரோ அந்த உருண்டைகளை விரலால் நகர்த்திக்கொண்டே, "பயிருக்குள்ள இருக்கிறத எப்படி எடுப்பீக?" என்று கேட்டார். எடுக்க முடியாது என்றேன். அந்தச் சனிக்கிழமை காலையில் எங்கள் வரப்பில் வந்து நின்றார், கையில் மாவு சலிக்கும் சல்லடை! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, உச்சி வெயில் வரை சலித்தார். கால்வாசிகூட வரவில்லை. கரையேறி, சேற்றுக் காலோடு, "அடுத்த வருசம் இது உங்க வயலுக்கு வராது சார். நான் பாத்துக்கிறேன்" என்றார். எனக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

சொன்னபடி அடுத்த டிசம்பருக்கு முன்பே, கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையில் போய் நின்றார். கோயில் குடிலும் கோபுரத்து நட்சத்திரமும் இனிமேல் காசு கொடுத்து வாங்காத பொருளில்தான் செய்யவேண்டும், பண்டிகை முடிந்தால் அது எருக்குழிக்குப் போகவேண்டும் என்றார். பேரவையில் இருந்த ஆரோக்கியம் அண்ணன் எழுந்துவிட்டார். பெரிய திராட்சைத் தோட்டக்காரர், குரலும் பெரிது. "பாலன் ஏசுவக் குப்பையில கொண்டுபோயி வைக்கச் சொல்றீகளா டீச்சர்? சுத்துப்பட்டு ஊர்க்காரன் சிரிக்க மாட்டானா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் அம்மன் கோயிலில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நானும் துள்ளியிருப்பேன். கடைசியில் பங்குச் சாமியார் ஒரு முடிவு சொன்னார். இந்த ஒரு வருடம் டீச்சர் சொல்வதுபோல் செய்வோம். சரியாக வராவிட்டால் பழையபடி கடைச் சரக்குதான், அதற்குப் பிறகு இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. வெளியே வந்ததும் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு வாய்ப்பு சார். இதுல தோத்தா உங்க வயலுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார். 

பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்ன ஆட்டம், என்ன ஓட்டம்! பிள்ளைகள் ஆளுக்கொரு பையோடு வருவார்கள். கவாத்து பண்ணிப் போட்ட திராட்சைக் குச்சி, வாழைச் சருகு, மக்காச்சோளத் தோகை, எஸ்டேட் ஜீப்பில் வந்த கிழிந்த ஏலக்காய்ச் சாக்கு. சாக்கைப் பிரித்த அன்று வகுப்பறை முழுக்கப் பாயச வாசம். டீக்கடைத் தேயிலைச் சக்கையில் பழைய விடைத்தாள்களை ஊறவைத்து எடுத்தால் அசல் மலைப் பாறையின் நிறம் வந்தது. மின்விசிறியின் பழைய வலைக்கூண்டில் குச்சிகளைக் கட்டியதும் நட்சத்திரம் பிறந்தது, ஒரு முனை நீளமாக. அதைப் பார்த்து டீச்சர் கைதட்டிக் குதித்ததை எங்கள் தலைமையாசிரியரே பார்த்திருக்கிறார்.

ஆசிரியர்களுக்குள் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பரிசு கொடுத்துக்கொள்ளும் வழக்கத்திலும் அந்த வருடம் சட்டம் மாறியது. கடைக்குப் போய் வாங்கிய பரிசு செல்லாது. "வாங்கிக் குடுத்தா அது பரிசில்ல, ரசீது" என்பார் டீச்சர். என் பெயர் அவருக்கு வந்தது. கிழிந்த வாலிபால் வலையையும் பழைய பிளக்ஸ் பேனரையும் சேர்த்து, பந்துகள் போட ஒரு பை தைத்துக் கொடுத்தார். பேனரில் இருந்த காதணி விழாக் குழந்தையின் அரை முகம் பையின் முன்பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. போட்டிக்கு எங்கே போனாலும், "யாரு சார், பேரனா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லப் பழகிவிட்டேன்.

சண்டை வந்தது பசையில். அட்டையில் தாளை ஒட்ட மைதாப் பசை காய்ச்சினோம். மேற்பார்வை பார்க்க வந்த ஆரோக்கியம் அண்ணன், "இதுல கொஞ்சம் மயில்துத்தம் கலந்து விடுங்க டீச்சர். இல்லைன்னா கரப்பான் அரிச்சு, திருநாளைக்கு மானம் போயிரும்" என்றார். நீலமாக இருக்கும் அந்த விஷ உப்பைப் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் கலப்பார்கள், தோட்டத்தில் மருந்துக்கும் அவர் கையில் எப்போதும் இருக்கும். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. டீச்சர் மசியவில்லை. "பிள்ளைக கையால பூசுதுக. அதே கையாலதான் டிபன் பாக்ஸத் திறக்குங்க. துத்தம் வேண்டாம்" என்றார். "அப்ப ஏதாச்சும் ஆனா நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு அண்ணன் துண்டை உதறிக்கொண்டு போனார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் வேலை முடிந்தது. குடிலைப் பார்த்துப் பார்த்து வயிறு நிறைந்தாலும் சோறும் வேண்டுமே என்று எல்லோரும் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால், கோயில் முற்றத்தில் மலையைக் காணோம்! கூரைச் சருகைக் காணோம், சோளத் தோகையில் செய்த மாடுகளைக் காணோம். மிச்சமிருந்த பாறையின் மேல் ஒரு வெள்ளாடு ஏறி நின்று, அரையாண்டுக் கணக்கு விடைத்தாளை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. சுற்றிலும் அதன் உறவெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருந்தது. நான் விசில் ஊதியதில் ஊரே கூடிவிட்டது.

கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கும் பாண்டியம்மாவின் ஆடுகள் அவை. புருஷன் இல்லாத வீட்டில் அந்த ஆடுகள்தான் எல்லாம். ஓடி வந்தவள் ஆட்டையும் பார்த்தாள், பசைச் சட்டியையும் பார்த்தாள். அவ்வளவுதான், மாரில் அடித்துக்கொண்டு அலறினாள். "ஆத்தா, போஸ்டரத் தின்னு போன வருசம் ஒரு சினையாடு போச்சே! பசையில துத்தம் போட்டிருக்கா? சொல்லுங்க டீச்சர், துத்தம் இருக்கா?"

"இல்ல பாண்டியம்மா. மைதாவும் தண்ணியும்தான். பயப்படாத" என்றார் டீச்சர். பாண்டியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த நேரம் ஆரோக்கியம் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தது. அவர் ட்ராக்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டீச்சர் குடில் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரே வாய்ப்பு ஆட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவரிடமிருந்து வந்தது சிரிப்பு. கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நான் திருத்துன பேப்பர இது மறுபடி திருத்திருச்சு சார்!" என்றார். பிறகு சேலையை இழுத்துச் செருகினார். "ஏலே, எதுக்கு நிக்கிறீக? அவுகவுக வீட்டுல வேண்டாம்னு கெடக்கிறது எதுவானாலும் எடுத்துட்டு ஓடி வாங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும்!"

நான் எத்தனையோ ஓட்டப்பந்தயம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்குப் போல் யாரும் ஓடிப் பார்த்ததில்லை. சாக்கு வந்தது, உடைந்த முறம் வந்தது, கிழிந்த சேலை வந்தது. கிறிஸ்தவ வீடு, எங்கள் ஆட்கள் வீடு என்ற பேச்சே இல்லை. நடுவில் ட்ராக்டர் சத்தம் கேட்டது. ட்ரெய்லர் நிறையத் திராட்சைக் குச்சியோடு ஆரோக்கியம் அண்ணன் வந்து இறங்கி, "எங்கன போடணும் டீச்சர்?" என்றார். டீச்சர் கைகாட்டிய இடத்தில் அவரே இறக்கிப் போட்டார். மாடு செய்ய நேரமில்லாததால், தின்ற ஆடுகளையே குடிலுக்குள் கட்டினோம். பாண்டியம்மா காவல்.

இருட்டும் நேரம் சாமியார் பாலன் ஏசுவின் சுரூபத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு குட்டி எட்டி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கம்பத்திலிருந்து வந்தார்கள், கோம்பையிலிருந்து வந்தார்கள், மலைக்குப் போகிற ஜீப்புகள்கூட நின்று பார்த்துவிட்டுப் போயின. அந்த ஜனவரியில் எங்கள் வயலுக்கு வந்தது வெறும் தண்ணீர். அதற்குப் பிறகு அந்த ஊர்க் குடிலுக்குக் கடைச் சரக்கு வரவேயில்லை.

அடக்கம் முடிந்த அன்றே என் காதில் ஒரு பேச்சு விழுந்தது. "டீச்சரும் போயிட்டாக. யாரு கெடந்து மாரடிக்கிறது? இந்த வருசம் வாங்கிக் கட்டிருவோம்." சொன்னவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர்.  ஆனாலும் டீச்சரைப் புதைத்ததைவிட அந்த வார்த்தைதான் அவரை இல்லாமல் ஆக்கியது போலிருந்தது. சில நாள் தூக்கமில்லை. அவர் இல்லாமல் நான் என்ன, விசில் ஊதுகிறவன்தானே என்று இருந்தது.

ஒரு காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எனக்கு முன்பே ஆரோக்கியம் அண்ணன் அங்கே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பூவெல்லாம் வாடிப்போன மலர் வளையம் ஒன்றை மடியில் வைத்து, கயிற்றைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டார். "சார், தப்பா நினைக்காதீக. உள்ளுக்குள்ள வைக்கோல நல்லா இறுக்கிக் கட்டிருக்கான். நட்சத்திரத்துக்கு ஆகும். இதப்போயி மண்ணுல விட்டுட்டுப் போனோம்னா டீச்சர் எந்திரிச்சு வந்து வைவாக" என்றார். சொல்லிவிட்டு அடுத்த முடிச்சைப் பல்லால் கடித்தார்.

இதற்கு மேல் ரெஜினா டீச்சரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும்? அவர் என்னிடம் விட்டுப் போனது டிசம்பரில் வரும் இந்தப் பரபரப்பு. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அங்கே கிடந்த மற்ற வளையங்களை நானும் பிரிக்கத் தொடங்கினேன். வாடிய பூக்களையெல்லாம் டீச்சர் கல்லறை மேலேயே உதிர்த்துவிட்டு, வளையங்களை ஆளுக்குப் பாதியாகத் தோளில் மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தோம்.