பொட்டு வைத்த ஜெபத் தாள்

சகோதர சகோதரிகளே, இதே சபையில் மூன்று வருடம் மைக்கைப் பிடித்து நான் சொன்ன சாட்சி பொய். முழுப் பொய் இல்லை, பாதிதான் பொய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இத்தனை நாள் இருந்தேன். இப்போது எழுதிக் கொடுக்கிறேன். எழுதும்போதே முகம் எரிகிறது.

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஜெஸி. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பதினேழு வருடம் ஆகிறது. நம் சபைப் பிள்ளைகள் வருவார்கள். மம்சாபுரம், வன்னியம்பட்டிப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகளும் உண்டு.

பொதுத்தேர்வுக்கு முந்தின ஞாயிறு, பிள்ளைகள் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் கொண்டுவந்து முன்னால் வைக்க, போதகர் ஐயா ஜெபிப்பார் அல்லவா? நாலு வருடத்துக்கு முன்னால் அந்தப் பேனாக்களோடு என் தாளும் ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக அதில் நாற்பது கணக்குகளைக் குறித்திருந்தேன். எப்படிக் குறித்தேன்? பழைய வினாத்தாள்களைப் பாயில் பரப்பி வைத்து, எது போன வருடம் வந்தது, எது இந்த வருடம் வரலாம் என்று குத்துமதிப்பாக. ஊரில் பாதி டியூஷன் இதைத்தான் செய்கிறது. இதில் வெளிப்பாடும் இல்லை, தரிசனமும் இல்லை.

அந்த முறை ஐந்து கணக்கு அப்படியே வந்துவிட்டது. மகன் பாஸான சந்தோஷத்தில் நம் சாந்தி அக்கா எழுந்து நின்று, "கர்த்தர் நம்ம ஜெஸிக்குக் கணக்கையெல்லாம் முன்கூட்டியே காட்டிட்டாரு" என்று சாட்சி சொன்னார். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். நானும் சேர்ந்து சொன்னேன். எனக்கு அது இனித்தது. அங்கேதான் விழுந்தேன்.

அடுத்த வருடம் அதற்கு ஜெபத் தாள் என்று பெயர் வந்துவிட்டது. பெயர் வைத்தது யாரோ, அதை வளர்த்தது நான். "உபவாசம் இருந்து குறிச்சேன்" என்று மைக்கிலேயே சொன்னேன். அன்று காலை நான் சாப்பிடாமல் இருந்தது உண்மைதான். சர்க்கரை டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

இதற்கு அடியில் இன்னொரு வெட்கமும் இருந்தது. முன்பின் பார்க்காத ஒரு கணக்கைக் கொடுத்தால் எனக்குப் போட வராது. ஒவ்வொரு நாளும் டியூஷனுக்கு முன் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டுதான் போர்டுக்குப் போவேன். மறந்துவிட்டால் எட்டிப் பார்க்க, மேஜைக்கு அடியில் என் காலருகே கைடு விரித்தபடி இருக்கும். பிள்ளைகள் யாராவது கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால், "இது சிலபஸ்ல கிடையாது, உட்காரு" என்று அதட்டுவேன். என் அதட்டலுக்குப் பயந்துதான் என்னைக் கெட்டிக்கார டீச்சர் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அப்படி நான் அதட்டி உட்காரவைத்த பிள்ளைகளில் ஒருத்தி பேச்சியம்மாள். மம்சாபுரம். அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர், அம்மா காட்டு வேலைக்குப் போகிறவர்கள். நம் சபைப் பிள்ளை இல்லை. ஓயாமல் கேள்வி கேட்பாள். "மிஸ், இதையே திருப்பிக் கேட்டா என்ன செய்ய?" என்பாள். நான் போர்டை அழிக்கத் திரும்பிவிடுவேன். ஒரு நாள் எரிச்சலில், "ஏட்டி, தாள்ல இருக்கிறத மட்டும் படி, போதும். அது ஜெபம் பண்ணிக் குறிச்சது" என்றேன்.

அவள் நம்பினாள். நம் பிள்ளைகள் தாளையும் படித்தார்கள், ஒரு தைரியத்துக்கு மற்றதையும் புரட்டினார்கள். பேச்சி மட்டும் நான் சொன்னதை அப்படியே கேட்டாள். நாற்பது கணக்கு, அதற்கு மேல் ஒரு வரி படிக்கவில்லை.

போன வருடம் மார்ச்சில் வந்த கணக்குப் பேப்பர், எல்லாவற்றையும் சுற்றி வளைத்துக் கேட்டது. தாளிலிருந்து ஒன்றே ஒன்றுதான் வந்தது. மே மாதம் ரிசல்ட் வந்தபோது மற்றப் பிள்ளைகள் எப்படியோ தேறிவிட்டார்கள். பேச்சி ஃபெயில். கணக்கில் மட்டும். ஆறு மார்க் குறைவு.

அவள் வீட்டிலிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை. மறுநாளும் வந்தது. எடுக்கவில்லை. முழங்காலில் நின்று, "ஆண்டவரே, என் மானத்தைக் காப்பாற்றும்" என்று மட்டும் ஜெபித்தேன். இரண்டு வாரம் அதே ஜெபம். ஃபெயிலான பிள்ளையின் பெயர் ஒரு தடவைகூட என் வாயில் வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிறோம், வாசலில் பேச்சியின் அம்மா நிற்கிறார்கள். கையில் அந்தத் தாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமப் பொட்டு. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்களாம். நீங்கள் பலர் அங்கே நின்றீர்கள், உங்களுக்கு நினைவிருக்கும்.

"டீச்சரம்மா, ஒரு வெவரம் கேக்கணும்னு வந்தேன்" என்றார்கள். கோபமே இல்லை குரலில். "ஒங்க சாமி குடுத்த தாளுக்கு நாங்க பொட்டு வச்சிட்டோம். தெரியாமச் செஞ்சிட்டோம். அதுக்குத்தான் எம்மவளுக்கு மட்டும் மாத்திக் கேட்டுட்டாகளா? என்ன பரிகாரம்னு சொல்லுங்க, செஞ்சிருதோம்."

சாந்தி அக்கா பக்கத்திலிருந்து, "விசுவாசம் இல்லாமப் படிச்சா எப்பிடி வரும்?" என்றார். அந்த அம்மா தலையைத் தலையை ஆட்டினார்கள். தப்பு தங்கள் மேல்தான் என்று ஒத்துக்கொண்டு, "அவுக அப்பா ஒண்ணாந்தேதியில இருந்து பஞ்சு மில் வேலைக்கு வேன்ல ஏத்திவிடுதேங்காரு. அழுதுகிட்டே கெடக்கா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்கள்.

என் பொய்யை ஒரு ஏழைத்தாய் தன் பாவமாகச் சுமந்துகொண்டு போவதை நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான நிமிடம் கிடையாது.

வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் மாடியில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுக்கு நடுவில் முழங்கால் போட்டேன். மானத்தைக் காப்பாற்றும் என்று கேட்க நாக்கு எழவில்லை. "ஆண்டவரே, என் மானம் போனால் போகட்டும். அந்தப் பிள்ளை மில் வேனில் ஏறக்கூடாது. எனக்கு வழி தெரியவில்லை. நீரே காட்டும்" என்று கதறினேன். வானத்திலிருந்து சத்தம் எதுவும் கேட்கவில்லை. மம்சாபுரத்துக்குக் காலையில் எத்தனை மணிக்கு பஸ் என்ற நினைப்புதான் வந்தது. அதுவே பதில் என்று இப்போது நம்புகிறேன்.

திங்கட்கிழமை போனேன். அப்பா, அம்மா, பேச்சி மூன்று பேர் முன்னாலும் சொன்னேன். "பொட்டு வச்சதால இல்லம்மா. சாமி அந்தத் தாளைக் குடுக்கவே இல்ல. நான் குத்துமதிப்பாக் குறிச்சது. உங்க பிள்ளை கேள்வி கேட்டப்ப எனக்குப் பதில் தெரியல. அதான் அவ வாயை அடைச்சேன்."

அவள் அப்பா டிராக்டர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே, "அப்ப எம்மவ மக்கு இல்ல" என்றார்.

"இல்லைய்யா. மக்கு நான்தான்."

"ஜூன்ல திரும்ப ஒரு பரீச்ச இருக்காம்லா. அது வரைக்கும் பொறுக்கேன். பொறவு வேன்தான்."

அன்றே தொடங்கினோம். என் கைடை ஒரு துணியில் கட்டி பேச்சியின் அம்மாவிடம் கொடுத்து, நானே கேட்டாலும் தரக்கூடாது என்றேன். "இதுக்கும் பொட்டு வச்சிராதீங்க" என்றேன். அத்தனை அழுகைக்கு நடுவில் அந்த அம்மா சிரித்துவிட்டார்கள்.

கைடு இல்லாமல் ஒரு கணக்கின் முன் உட்காருவது எனக்குப் பெரிய பயம். முதல் நான்கு நாள், பதினெட்டு வயதுப் பிள்ளை பார்க்க, நான் தப்புத் தப்பாகப் போட்டேன். ஒவ்வொரு கணக்குக்கு முன்னும் நான் ஜெபித்தேன். விடை காட்டும் என்று கேட்கவில்லை. எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்கப் பலம் தாரும் என்று கேட்டேன். அவள் தன் சாமியைக் கும்பிட்டுக்கொண்டாள்.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன், கணக்கென்றால் ஓடுகிறவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் வளைவு பாதி நீள்வட்டம். தரையில் அகலம் இருபது மீட்டர், நடுவில் உயரம் ஆறு மீட்டர். பாரம் ஏற்றிய வண்டியின் உயரம் 4.8 மீட்டர். இடிக்காமல் போக, வளைவு தரையைத் தொடும் ஓரத்திலிருந்து குறைந்தது எத்தனை மீட்டர் தள்ளிப் போக வேண்டும்? நான் சூத்திரத்தை எழுதி, எண்களைப் போட்டு, ஆறு மீட்டர் என்று கோடு போட்டு முடித்தேன். பதினேழு வருடப் பழக்கம்.

பேச்சி சூத்திரமே எழுதாமல் முதலில் படம் போட்டாள். வளைவு, அதற்குள் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், மேலே உட்கார்ந்திருக்கும் ஆள்கூட. எனக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன டிராயிங் கிளாஸா?" என்றேன்.

"மிஸ், வண்டி ஓட்டுறவுக ஓரத்தைத்தான பாத்து ஓட்டுவாக? நடு உச்சியையா அண்ணாந்து பாப்பாக? நீங்க போட்ட ஆறு நடுவுல இருந்துலா வருது. நடுவுல இருந்து ஓரம் பத்து. பத்துல ஆறு போனா நாலு. நாலு மீட்டர்தான் மிஸ்."

சரிதான். நாலு. நான் கேள்வியையே படிக்கவில்லை. பதினேழு வருடமாக எந்தக் கேள்வியையும் முழுதாகப் படித்ததில்லை, எந்த மாதிரிக் கணக்கு என்று மட்டும் பார்த்து, மனப்பாடமாக இருந்ததைக் கொட்டியிருக்கிறேன். அன்று அந்தப் பிள்ளை முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தப் பிள்ளையைத்தான் நான் உட்காரு என்று அதட்டியிருக்கிறேன்.

அதன் பிறகு அவள் வழியிலேயே போனோம். கேள்வியை இரண்டு முறை வாசிப்பது. என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று சொந்த வார்த்தையில் சொல்வது. படம் போடுவது. முட்டி நின்றால் பெரிய எண்ணை எடுத்துவிட்டுச் சின்ன எண்ணை வைத்துப் பார்ப்பது. அதுவும் ஆகாவிட்டால் கேட்டதிலிருந்து பின்னோக்கி வருவது. கடைசியில், இந்த விடை நடக்கிற காரியமா என்று வண்டி ஓட்டுகிறவரைப் போலப் பார்ப்பது. ஒரு நாளைக்கு நாலு கணக்குதான். ஆனால் நாலும் நாங்களே போட்டது. இடையில் எனக்கும் கணக்கு வர ஆரம்பித்தது. ஒரு கணக்கு தானாகப் பிடிபடும்போது வருகிற சந்தோஷம் நாற்பத்தாறு வயதில்தான் எனக்குக் கிடைத்தது. ஸ்தோத்திரம்.

ஜூன் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பரீட்சை. பள்ளிக்கூட வாசலில் வேப்ப மரத்தடியில் அவள் அம்மாவும் நானும் மூன்று மணி நேரம் நின்றோம். பேச்சி வெளியே வந்தாள்.

"தாள்ல இருந்து ஒண்ணுகூட வரல மிஸ்" என்றாள். எனக்கு உயிர் போய்விட்டது. "எல்லாமே புதுசு. ஆனா உக்காந்து போட்டுட்டேன்."

அறுபத்தொரு மார்க். சதம் வாங்கிய பிள்ளைகளுக்காக இதே சபையில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன், எதற்கும் இப்படி அழுததில்லை. பேச்சி இப்போது கல்லூரியில் கணக்குதான் எடுத்திருக்கிறாள். மில் வேன் அவள் தெரு வழியாகத்தான் இன்றும் போகிறது. இவள் பஸ்ஸுக்கு நிற்கிறாள்.

ரிசல்ட் அன்று அவள் அம்மா பால்கோவாப் பெட்டியோடு வந்தார்கள். "இப்ப ஒங்க சாமிக்குக் கோவம் தீந்துட்டா டீச்சரம்மா?" என்றார்கள். "அவர் கோவப்படவே இல்லம்மா" என்றேன். அந்தப் பழைய தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் மானத்தைக் காப்பாற்றும் என்று கேட்ட ஜெபத்துக்கு ஆண்டவர் பதில் தரவில்லை. தராததற்காக நன்றி சொல்கிறேன். தந்திருந்தால் நான் இன்றும் கைடை ஒளித்து வைத்துக்கொண்டிருப்பேன், ஒரு பிள்ளை பஞ்சுத் தூசியில் நின்றிருக்கும். போதகர் ஐயாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். சாந்தி அக்காவிடமும் சொன்னேன். சில பேர் பிள்ளைகளை என் டியூஷனிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அது அவர்கள் உரிமை.

பிரியமானவர்களே, வெட்கத்தை மூடி வைத்துக்கொண்டு ஜெபிக்காதீர்கள். தெரியாது என்று அவரிடம் சொல்லுங்கள், மனுஷரிடமும் சொல்லுங்கள். அங்கேயிருந்து அவர் நடத்துவார். என்னையே நடத்தினாரே.

வருகிற ஞாயிறு பிள்ளைகளைப் பேனாவோடும் ஹால் டிக்கெட்டோடும் கூட்டி வாருங்கள், சேர்ந்து ஜெபிப்போம். என்னிடம் தாள் மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் ஒன்றே ஒன்று இருக்கிறது, கைடு இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன். பேச்சியின் அம்மா பொட்டு வைத்த தாள். அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.