உரம் போடாத பாத்திக்கு உரம் போட்டது யார்?

காந்திபுரம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அடிக்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

என் ஆராய்ச்சிக்காகக் கிணத்துக்கடவில் ஒருவருடைய தக்காளித் தோட்டத்தைப் பாத்திகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, பாதிக்குப் புது உரம் போட்டேன். மீதிக்கு ஒன்றும் போடவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க.

விளைச்சல் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்கிறது. எண்களைத் தப்பாக அடித்தேனோ என்று ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று பொள்ளாச்சி பஸ்ஸில் முன் சீட்டில் அந்தத் தோட்டத்துக்காரர்.

"ஏனுங்க, உரம் போடாத பாத்தியும் அதே மாதிரி காய்ச்சிருக்குதுங்களே?"

"அதுக்கும் நானே மிச்ச உரத்தை எறைச்சுப்போட்டனுங்க அம்மணி."

"எதுக்குங்க?"

"ரோட்டோரத் தோட்டமுங்க. பாதிச் செடி வெளுத்து நின்னா, பஸ்ல போற சம்பந்தி ஊட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?"

கம்ப்யூட்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

விடப்போவதில்லை. அடுத்த பட்டத்தில் மறுபடி நடுவேன், மறுபடி சீட்டுக் குலுக்குவேன்.

பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியாத தோட்டம் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். சம்பந்தி வீடு வெளியூராக இருந்தால் இன்னும் நல்லது.