சோமலதா சொன்ன எதிர்காலம்

பிபிலை ஊர்ச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில் மாலை வேளைகளில் ஆங்கில வகுப்பு நடத்தினார் ரத்னசிறி மாஸ்டர். நிகழ்காலமும் எதிர்காலமும்தான் அவருக்குத் தீராத வேலை. சிங்களப் பேச்சில் 'எனவா' என்ற ஒரு சொல் போதும். இப்போது வருவதும் அதுதான், நாளை வரப்போவதும் அதுதான். அதில் ஊறிய பிள்ளைகள் ஆங்கிலத்திலும் 'டுமாரோ ஐ கம்' என்றே எழுதுவார்கள். மாஸ்டர் அலுக்காமல் திருத்துவார். வெறும் வாக்கு என்றால் 'ஐ வில் கம்.' நாள் குறித்து டிக்கெட்டும் எடுத்தாயிற்று என்றால் 'ஐ ஆம் கமிங்.'

தையல் கடையில் வேலை செய்துகொண்டே அந்த வகுப்புக்கு வந்தவள்தான் சோமலதா. "டிக்கெட்டும் எடுத்தாச்சு சேர், பஸ்தான் வரல்ல. இப்ப அது எந்தக் காலம்?" என்று கேட்டு ஒருநாள் வகுப்பையே சிரிக்க வைத்தாள். மாஸ்டரையே கல்யாணம் செய்த பிறகும் கேலியாக அவரை 'சேர்' என்றே கூப்பிட்டாள்.

மகள் ஹசினிக்கு ஐந்து வயதானபோது, ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காகச் சோமலதா சைப்ரஸ் போனாள். கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் கூரை பாதியில் நின்றது; மாஸ்டரின் சம்பளம் அதற்கு எட்டவில்லை. இரண்டு வருடம் என்று போனவள், விசா முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டாள். ஒருமுறை வெளியேறினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள்.

ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டுக்கும் முன்பு அவள் மகளிடம் தொலைபேசியில் 'எனவா' என்பாள். குழந்தை துள்ளிக்கொண்டு ஓடும். மாஸ்டர் ரிசீவரை வாங்கி, வருகிறாயா என்று பிள்ளைக்குப் புரியாதபடி ஆங்கிலத்தில் கேட்பார். "ஐ வில் கம், சேர்" என்று பதில் வரும். அவள் பாடத்தை மறந்து பேசுகிறவள் அல்ல. டிக்கெட் இல்லை என்பது அவருக்கு விளங்கிவிடும். அதை அவர் மகளிடம் சொன்னதே இல்லை. பண்டிகைக்கு உடுத்த புதுச் சட்டையோடு ஹசினி பஸ் நிலையத்தைப் பார்த்து நின்ற வருடங்கள் உண்டு. பிறகு நிற்பதை விட்டாள். அவள் பெரியவளானபோது தலைக்குத் தண்ணீர் ஊற்றியது பக்கத்து வீட்டுப் பெண்.

ஒரு வைகாசியில், வெசாக் பண்டிகை மாதத்தில், அழைப்பு வந்தது. "ஐ ஆம் கமிங், சேர். பன்னிரண்டாம் திகதி."

மாஸ்டர் சந்தோஷத்தோடு சுவரிலிருந்த நாட்காட்டியை எட்டி எடுக்க, அவள் சிங்களத்துக்கு மாறினாள்.

"வயித்தில கட்டியாம். முத்திப் போச்சு. சத்தமா ஒண்டும் கேக்காதீங்க, பிள்ளைக்குக் கேக்கும்."

வந்தாள். மெலிந்து, சாயம் போன துணி மாதிரி. ஹசினிக்கு அப்போது பதினான்கு வயது. முதல் நாள் காலையில் தேநீர் போடப் போன சோமலதா அடுக்களையில் திகைத்து நின்றாள்.

"சீனி எங்க வச்சிருக்கு, மகள்?"

"உங்கட வீடுதானே, தேடி எடுங்க" என்றாள் ஹசினி. சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனவள் வெகு நேரம் திரும்பவில்லை.

தாய்க்கும் மகளுக்கும் பேச்சு மெல்ல மெல்லத்தான் வந்தது. ஒரு மாலையில் சோமலதா மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது ஹசினி கேட்டாள். "அந்த ஆச்சிக்கும் இப்பிடித்தான் வாரி விடுவீங்களா?"

"ஓம். அவவுக்கு முடியே இல்ல, நாலு நரைதான். உன்ட தலையெண்டு நினைச்சு வாருவன்."

ஹசினி அம்மாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டாள்.

ஐப்பசி மழை தொடங்குமுன் சோமலதா போய்விட்டாள். இறந்தவர் பேரில் பிக்குமாருக்குக் கொடுக்கும் மூன்றாம் மாதத் தானம் முடிந்து, அவர்கள் விடைபெற்ற பிறகு சைப்ரஸிலிருந்து ஓர் அழைப்பு. கிழவியின் மகன் ஆங்கிலத்தில் பேசினான். அம்மா சாப்பிடமாட்டேன் என்கிறாள், சோமா எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றான். செய்தி அங்கே எட்டியிருக்கவில்லை.

மாஸ்டர் வாயைத் திறந்தார். ஆயுள் முழுக்கச் சொல்லிக் கொடுத்த மொழியில் ஒரு வாக்கியம் எழவில்லை. ஹசினி ரிசீவரை வாங்கி, தன் அம்மா இறந்துவிட்டாள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

மறுமுனையில் மகன் அதைத் தாயிடம் சொல்வது கேட்டது. பிறகு கிழவி அழத் தொடங்கினாள், தன் மொழியில் என்னென்னவோ சொல்லி. ஒரு சொல்லும் புரியவில்லை. ஹசினி ரிசீவரை வைக்கவில்லை. அழுகை ஓயும்வரை காதோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.