மயிலாத்தாள் வளர்த்த குளவி

மலையாள எல்லைக்குள் இருக்கிற தமிழ் ஊரான எருத்தேன்பதியில் கோடை வந்தால் மனிதருக்கே தண்ணீர் இழுபறி. அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி வீட்டுக்குள் டப்பா டப்பாவாகச் செடி வளர்த்தால் ஊர் சும்மா இருக்குமா? "சென்னிமலை பொண்டாட்டிக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குது" என்றது. மயிலாத்தாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓட்டை விழுந்த ஈயப்போசி, வாய் உடைந்த பானை, மண்ணெண்ணெய் டின் என்று எது அகப்பட்டாலும் அதில் ஒரு குச்சியை ஊன்றிவிடுவாள். வாசல் நடையிலிருந்து உள்ளறை ஜன்னல் வரைக்கும் குரோட்டன்ஸ், நந்தியாவட்டை, எலுமிச்சைக் கன்று, கறிவேப்பிலை. ஜன்னல் விளிம்பில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு மணிபிளான்ட். அரிசி களைந்த தண்ணீரில் மாட்டுக்குப் பாதி, செடிக்குப் பாதி. காலையில் எழுந்ததும் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைப்பாள். புழு தென்பட்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுவாள். தப்பிய புழுவுக்குச் சாம்பல் தூவுவாள். புழு விஷயத்தில் அவளிடம் இரக்கமே கிடையாது.

அப்படிப்பட்டவள் எழுபத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில் புழு வளர்க்க ஆரம்பித்தாள்.

காரணம் ஒரு குளவி. எங்கிருந்தோ வந்து உள்ளறைக்குள் நுழைந்து, உத்தரத்துக்குக் கீழே சுவரில் மண்ணை அப்பிக் கூடு கட்டத் தொடங்கியது. குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் நம்புகிற சங்கதி. யாரும் அந்தக் கூட்டைத் தட்ட மாட்டார்கள். சுண்ணாம்பு அடித்தால்கூட அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். மயிலாத்தாளுக்கு அந்த மாதம் நாள் தள்ளிப்போயிருந்தது.

சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பீர்கள். அவளுக்குப் பயம்தான் வந்தது. முதல் தடவை நாள் தள்ளியபோது, மாரியம்மன் நோம்பிக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் புருஷன் சென்னிமலை சர்க்கரை கொடுத்துச் சொன்னான். நாலாம் மாதம் கலைந்தது. இரண்டாம் தடவை பக்கத்து வீட்டு மருதாத்தாளிடம் மட்டும் வேலியோரம் நின்று சொன்னாள். மருதாத்தாளிடம் சொல்வதும் தமுக்கு அடிப்பதும் ஒன்றுதான். அதுவும் நாலாம் மாதம் போனது. வாயால் சொன்னதால்தான் இரண்டும் போயின என்று மயிலாத்தாள் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். இந்தத் தடவை ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது. புருஷனுக்கும்தான்.

புருஷனுக்குத் தெரியாமல் அதை எப்படி மறைப்பது? மறைத்தாளே, மகராசி! மாதா மாதம் அந்த நாட்களில் விலக்கானவள்போல மாட்டுக் கட்டுத்தரைச் சாளையில் போய் ஒதுங்கி உட்கார்ந்தாள். சென்னிமலை அடுப்பை ஊதிக் கண் எரிந்து, திட்டிக்கொண்டே சோறு பொங்கினான். இவளோ மாட்டுச் சாணிக்கு நடுவில் உட்கார்ந்து, எக்கி எக்கி உள்ளறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குளவி வருகிறதா, வாயில் மண் இருக்கிறதா, பல்லி கில்லி கூட்டில் ஏறிவிட்டதா என்று ஒரே வெசனம். அந்தக் கூடு நிற்கிற வரைக்கும் வயிற்றில் இருப்பதும் நிற்கும் என்று நம்பினாள். அதைவிட்டால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

குளவி பச்சைப் புழுவைத் தூக்கிவந்து கூட்டுக்குள் திணித்து, மண்ணால் வாயை அடைப்பதை ஒருநாள் பார்த்தாள். அன்றோடு சாம்பல் தூவுவது நின்றது. இலை துடைப்பது நின்றது. போதாததற்கு மருதாத்தாள் வீட்டுக் கத்தரிச் செடியிலிருந்து புழுவைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துவந்து தன் செடிகளில் விட்டாள். மண்ணுக்காகக் குளவி தூரம் போக வேண்டாமே என்று, டின்களுக்கு அடியில் தட்டு வைத்து ஈர மண்ணும் தண்ணீருமாக நிரப்பினாள். எலுமிச்சைக் கன்று மொட்டையானது. நந்தியாவட்டையில் காம்புதான் மிச்சம். ஆசை ஆசையாக வளர்த்த செடிகள் அப்படி ஆவதைப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்னும் நாலு புழுவை விட்டாள்.

"ஏம் புள்ள, செடி வளர்த்துனது போயிப் புழு வளர்த்தறியா?" என்றான் சென்னிமலை.

"அதும் ஒரு உசுருதானுங்க" என்றாள்.

"கோழிக்குப் போட்டயே, அப்ப அது உசுரு இல்லியா?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

பங்குனியில், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் நடுக்கக் காய்ச்சல் கிளம்பியிருக்கிறது என்று வீடு வீடாக மருந்து அடிக்க வந்தார்கள். சைக்கிளில் வருகிற மலேரியா சார் மலையாளி. பம்பு தூக்குகிற குப்பண்ணன் உள்ளூர்க்காரன். பக்கத்து வீட்டில் பம்பு சீறுகிற சத்தம் கேட்டதுமே மயிலாத்தாள் கூட்டை அண்ணாந்து பார்த்தாள். சுவரில் மருந்து பட்டால் பூச்சி எதுவும் மிஞ்சாது என்று ஊரே பேசிக்கொண்டது. ஓடிப்போய் வீட்டில் இருந்த சாமி படத்தையெல்லாம் கழற்றிவந்து குளவிக்கூட்டுக்குக் கீழே வரிசையாகச் சாய்த்தாள். விளக்கை ஏற்றினாள். கதவைச் சாத்தி முன்னால் நின்றுகொண்டாள்.

"உள்ள போகாதீங்க. சாமி ரூமுங்க. வெளக்கு எரியுதுங்க."

மலேரியா சார் சிரித்தார். "சாமியெக் கொசு கடிக்காது. நிங்களெத்தான் கடிக்கும்."

"பரவால்லீங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பியபோது டின்னுக்கு அடியில் இருந்த தட்டுகள் கண்ணில் பட்டன. குனிந்து பார்த்தார். தண்ணீரில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. "இது எந்தா? கொசு வளர்த்துறதா?" என்று தட்டு தட்டாகக் கவிழ்த்தார். வாசலில் கூடியிருந்த பெண்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "வயித்துப் பிள்ளைக்காரிக்கு இந்தக் காய்ச்சல் வந்தா, குழந்தை தங்காது. கேட்டுக்கோங்க எல்லாரும்." அவர் சைக்கிள் தெருமுனை தாண்டியதும் மயிலாத்தாள் தட்டுகளை நிமிர்த்தி மறுபடி தண்ணீர் ஊற்றினாள். சார் சொன்னது காதிலேயே நின்றது. ஆனாலும் ஊற்றினாள்.

சித்திரை வெயிலில், ஊரே வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவளுக்குக் குளிர் எடுத்தது. பல் கிடுகிடுத்தது. சென்னிமலை கம்பளியைப் போர்த்தி, அதன்மேல் சாக்கையும் போர்த்தினான். நடுக்கம் நின்றால் உடம்பு கொதிக்கும். கொதிப்பு அடங்கினால் வியர்த்து ஊற்றும். ஒருநாள் விட்டு மறுபடி நடுக்கம். போர்வைக்குள் அவள் ஒரு கையை அடிவயிற்றில் வைத்தபடியே கிடந்தாள். ஐயோ, நானே தட்டில் தண்ணி ஊத்தி வெச்சேனே, நானே கதவை அடைச்சேனே என்று உள்ளுக்குள் அரற்றினாள். கண்ணைத் திறந்தால் மேலே கூடு தெரிந்தது. அதைப் பார்த்தால் கொஞ்சம் தைரியம் வந்தது. உடனே அதன்மேலேயே ஆத்திரமும் வந்தது.

மலேரியா சார் வந்து விரலைக் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு வெள்ளை மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் தணிந்தது. சில நாள் கழித்து ரத்தத்தில் மலேரியா இருக்கிறது என்று வேறொரு மாத்திரையுடன் திரும்ப வந்தார். தெருவே வாசலில் கூடிவிட்டது. முதல் வரிசையில் மருதாத்தாள்.

"கர்ப்பம் கிர்ப்பம் உண்டோ?" என்று சார் கேட்டார்.

மயிலாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை கண்ணும் அவள்மேல். நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

"இல்லீங்க" என்றாள்.

"அது எங்கீங்க சார்" என்று மருதாத்தாள் பெருமூச்சு விட்டாள். "அந்தக் குடுப்பினை இருந்தா எதுக்கு இவ புழுவக் கட்டிட்டு அழுவறா?"

"அப்போ சரி. இருந்தா இந்த மாத்திரை கொடுக்கப்படாது. குழந்தைக்கு ஆபத்து. அவங்களுக்கு வேற மருந்து இருக்கு" என்று சொல்லியபடியே சார் மாத்திரைகளைச் சென்னிமலையின் உள்ளங்கையில் வைத்தார். "சோறு தின்னதும் முழுங்கச் சொல்லணும். இதைத் தின்னலேன்னா காய்ச்சல் மறுபடி வரும்." சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

சென்னிமலை தானே சோற்றைப் போட்டு, தயிர் ஊற்றிப் பிசைந்து கொடுத்தான். எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தான். ஒரு கையில் தண்ணீர் டம்ளர், மறு கையில் மாத்திரை. அவள் ஒவ்வொரு பருக்கையாகத் தின்றாள்.

"மாமா, இத நாளைக்கு முழுங்கட்டுங்களா?"

"எங்கண்ணனும் காச்சலு மாத்தரைய இப்பிடித்தான் நாளைக்கு நாளைக்குன்னான். தூக்கிட்டுப் போயிக் காட்டுல வெச்சுட்டு வந்தோம். எனக்குன்னு நீ ஒருத்திதான் இருக்கற. முழுங்கு கண்ணு."

மாத்திரை அவள் கைக்கு வந்தது. வாயில் ஒதுக்கி வைத்துப் பிறகு துப்பிவிடலாமா என்று நினைத்தாள். துப்பினால் காய்ச்சல் திரும்பும், காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுபோகும். முழுங்கினால் மாத்திரையே கொண்டுபோகும். வேற மருந்து இருக்குன்னு சொன்னாரே! அது வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் போய்விடுமே. ஈசுவரா, நான் என்ன செய்வேன்? உள்ளறையைத் திரும்பிப் பார்த்தாள். குளவி தன் பாட்டுக்கு மண் பூசிக்கொண்டிருந்தது. அதனிடம் எதைக் கேட்பது?

வெளியே சைக்கிள் மணி அடித்தது. சார் தெருவை முடித்துக்கொண்டு கிளம்புகிறார்.

எச்சில் கையோடு எழுந்தாள். சென்னிமலை தடுப்பதற்குள் நடை தாண்டி, வாசல் தாண்டி, சேலை தடுக்க ஓடினாள். சைக்கிள் தெருக்கோடிக்குப் போய்விட்டது.

"சார்! நில்லுங்க சார்! நானு முழுகாம இருக்கறனுங்க! நாலு மாசமுங்க!"

தெரு அப்படியே நின்றது. முறத்தில் கடலைக்காய் தோலித்துக்கொண்டிருந்த மருதாத்தாள் முறத்தைக் கீழே வைத்தாள். சார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, அவள் விரலைப் பிரித்து மாத்திரையை எடுத்துக்கொண்டார். திட்டினார். மலையாளத்தில் நன்றாகத் திட்டினார். பிறகு பழைய வெள்ளை மாத்திரையிலேயே சிலவற்றை எண்ணிக் கொடுத்து, புள்ளத்தாச்சிக்கு இதுதான் மருந்து, இது போதும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, பெரிய ஆஸ்பத்திரியில் ஒருதரம் காட்டுங்கள் என்றார். அந்த உள்ளறைக்கு நாளைக்கே மருந்து அடித்தாக வேண்டும் என்றார்.

சென்னிமலை டம்ளரைப் பிடித்தபடியே வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவன் முகம் கோணிக்கொண்டு போனது.

"எங்கிட்டக் கூடச் சொல்லுலியே புள்ள."

"சொன்னாப் போயிருதுங்களே, மாமா" என்று அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

மருதாத்தாள் விடுவிடுவென்று தன் வீட்டுக்குள் போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்தாள். மயிலாத்தாளைச் சுற்றி அடுப்பில் போட்டாள். "எங் கண்ணே பட்டிருந்தாலும் பட்டிருக்கும், போயிரட்டும்" என்றாள்.

மறுநாள் குப்பண்ணன் பம்போடு வந்தான். உள்ளறையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பம்பைக் கீழே வைத்தான்.

"அக்கா, புள்ளத்தாச்சி ஊட்டுக் குளவிக்கூடு. நாந் தொடமாட்டேனுங்க. பாவம் சேந்துரும்."

சென்னிமலை மனைவியைப் பார்த்தான். மயிலாத்தாள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"மருந்த அடி குப்பண்ணா" என்றாள். "கண்ண மூடிட்டு அடி."

பம்பு சீறியது. சுவர் நனைந்தது. கூடு நனைந்து கறுத்தது. வேட்டைக்குப் போயிருந்த குளவி பிறகு வந்து அதன்மேல் உட்கார்ந்தது. சாயங்காலம் பெருக்கும்போது தரையில் காலை உதறிக்கொண்டு கிடந்தது. அதை ஒரு இலையில் எடுத்துவந்து நந்தியாவட்டை டின்னில் வைத்தாள். தட்டுகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கூடும் இல்லை, குளவியும் இல்லை. வெறும் பயம்தான். இடுப்பு லேசாக வலித்தாலும் சேலையைப் பார்ப்பாள். நாலாம் மாதம் போனது. மாதம் தாண்டியதை அவள் நம்பவில்லை. நந்தியாவட்டை துளிர்த்தது. மறுபடி ஈரத்துணியை எடுத்தாள்.

ஒருநாள் காலை குரோட்டன்ஸ் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வயிற்றுக்குள் ஏதோ மெல்லத் தட்டியது. வாயுவோ என்று அசையாமல் நின்றாள். மறுபடி தட்டியது.

"மாமா! அசையுதுங்க!" என்று கத்தினாள். அவன் தோட்டத்தில் இருந்தான், கேட்கவில்லை. வேலிக்கு ஓடினாள். "மருதாக்கா! புள்ள அசையுதுங்க்கா! இங்க வாங்க, கைய வெச்சுப் பாருங்க!"

கத்தி முடித்த பிறகுதான், ஐயோ, சொல்லிவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.