மாடன் பீடத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி

பம்பாய் செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டிடத்துக்கு என் மருமகள்தான் செக்ரட்டரி. மேல்மாடியில் ஒரு வீட்டில் ஏசி தீப்பிடித்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. உள்ளங்கை அளவில் ஒரு ரேடியோ வாங்கி ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். ஸ்கேனர் என்று பெயராம். தீயணைப்புக்காரர்கள் தங்களுக்குள் பேசுவதை அது தேடிப் பிடிக்கிறது. பிடித்ததைக் கம்ப்யூட்டர் கேட்டு, எந்த இடத்தில் தீ என்று இவள் போனுக்குத் தானாகவே சொல்லிவிடுகிறது. ஒரு பெண் குரல், துளிப் பதற்றம் இல்லாமல், ஸ்டேஷன் பெயர் சொல்கிற மாதிரி சொல்லும்.

ஒருநாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் "தாராவி" என்றது. முறம் மடியிலிருந்து சரிந்து கீரையெல்லாம் தரையில். உறைமோர் வாங்க வந்த எதிர்வீட்டம்மா, "டிவிலகூட இன்னும் வரல. உங்க மருமகளுக்கு சாமி கீமி வருதா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதிரி சாமி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். என் தாய்மாமா.

நான் மூணாங்கிளாஸோடு நின்றவள். எழுத்து இப்போதும் தடவித் தடவித்தான் வரும். ஆனால் நம்பர் ஒரு தடவை காதில் விழுந்தால் போகாது. கதைக்கு வேண்டியிருக்கிறதே என்று சொல்கிறேன், பெருமைக்கு இல்லை. சரி, பெருமைக்கும்தான்.

மாமா சுடலைமாடனுக்குச் சாமியாடி. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தாராவியில் எங்களோடு இருந்தார். குர்லாவில் பழைய இரும்புக் கிடங்கில் வேலை. செவ்வாய், வெள்ளியில் எங்கள் ஒற்றை அறையின் மூலையில் இருந்த மாடன் பீடத்துக்கு முன்னால் ஆடுவார். எங்கள் சந்தே வந்து நிற்கும். ஆனால் போகப் போகக் கூட்டம் குறைந்தது. சந்து ஆட்கள் வேலை பார்த்த தோல் கிடங்கின் மேஸ்திரி ஒருநாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இந்த ஊர் ரோடெல்லாம் மாடனுக்குத் தெரியுமாவே? முதல்ல அவருக்கு இந்தி தெரியுமா?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது. பட்டாளத்துப் பச்சையில் ஒரு பழைய ரேடியோ. கிடங்குக்கு வந்த இரும்போடு வந்ததை மாமா சாக்கில் சுற்றி எடுத்து வந்து, லாரி பாட்டரியில் மாட்டி, காதில் வைக்கிற குழாயை எனக்கு மாட்டிவிட்டார். உள்ளே ஆட்கள் மராத்தியிலும் இந்தியிலும் பேசினார்கள். நடுநடுவே நம்பர். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பத்து வயசுதான் என்றாலும் தாராவியில் பிறந்த எனக்குப் புரிந்தது. அவர்கள் தீயணைப்புக்காரர்கள்.

அப்போதெல்லாம் தெருமுனைகளில் சிவப்புத் தூண் இருக்கும். தீ என்றால் அதன் கண்ணாடியை உடைத்துப் பிடியை இழுக்க வேண்டும். வாய் திறந்து யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். எந்தத் தூண் என்கிற நம்பர் தானாகவே அவர்கள் ஆபீசுக்குப் போய்விடும். அங்கிருந்து வண்டிகளுக்கு அந்த நம்பரைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மாமா என்னை மாட்டுங்காவிலிருந்து குர்லா வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திக் கூட்டிப்போய் ஒவ்வொரு தூணின் நம்பரையும் காட்டினார். ஊர் சுற்றிக் காட்டுகிற மாமா யாருக்குக் கிடைப்பார் என்று நான் துள்ளிக்கொண்டு போனேன்.

பெட்டி பீடத்துக்குப் பின்னால், சிவப்புத் துணிக்குள் போனது. சாமி ஆடும்போது நானும் துணிக்குள் இருப்பேன். நம்பர் வந்தால் திருநீற்றுத் தட்டோடு வெளியே வந்து, பூசிவிடுகிற சாக்கில் மாமா காதில் இடத்தைச் சொல்ல வேண்டும். "குர்லாப் பக்கம் பொகை தெரியுதுடா!" என்று மாமா உறுமுவார். சற்று நேரத்தில் மெயின் ரோட்டில் மணியடித்துக்கொண்டு வண்டி ஓடும். சனம் அப்படியே விழுந்து கும்பிடும். மாடனுக்கு பம்பாய் ரோடு தெரிந்துவிட்டது.

கூட்டத்தில் எப்போதும் முன்னால் நிற்பது அடுத்த வீட்டு அத்தை. அவளுடைய ஒரே மகன் கோபித்துக்கொண்டு போனவன், வரவே இல்லை. மாமா, "வடக்க இருக்கான், உசிரோட இருக்கான், வருவான்" என்று வாராவாரம் வாக்குச் சொல்வார். அத்தை தினமும் மகனுடைய பித்தளைச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி, அடுப்பு மேடையில் கவிழ்த்து வைப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியான நேரம். துணிக்குள் உட்கார்ந்திருந்த என் காதில் விழுந்தது எங்கள் தூண் நம்பர். தோல் கிடங்குக்குப் பின்னால், சாலையோரம் நிற்கிறதே அந்தத் தூண். தட்டை எடுக்கக்கூட மறந்து வெளியே ஓடினேன். "மாமா, நம்ம கிடங்கு."

மாமாவின் ஆட்டம் சட்டென்று நின்றது. சாமிக் குரலே இல்லை, தன் சொந்தக் குரலில் கத்தினார்: "கிடங்குல தீ! ஓடுங்கலே!"

ஓடினார்கள். கிடங்கின் பின்பக்கம் எரிந்துகொண்டிருந்தது. ரோட்டில் போன யாரோ பார்த்துத் தூணை இழுத்திருக்கிறார்கள். முன்பக்கம் தோல் அடுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. எல்லாரையும் இழுத்து வெளியே போட்டார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆனால் தோல் அத்தனையும் போயிற்று.

நான் மாமாவுக்கு மாலை போடுவார்கள் என்று நினைத்தேன். மேஸ்திரி வந்தார், முகமெல்லாம் கரி. வந்த வேகத்தில் மாமாவின் சடையைப் பிடித்தார். "உள்ள இருந்த எனக்கே தெரியல. வீட்டுல நின்னு ஆடுன ஒனக்கு எப்படிலே தெரிஞ்சுது? ஆளு வச்சுக் கொளுத்துனியா?" முந்தின வாரம் காலில் விழுந்தவர்களே சுற்றி நின்று அடித்தார்கள். என் அம்மா குறுக்கே விழுந்தாள், அவளைத் தள்ளிவிட்டார்கள். மாமா வாயிலிருந்து ரத்தம். அவர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "மாடன் சொன்னாரு."

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்களே! லைசென்ஸ் இல்லாத பெட்டி, போலீசுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பயப்படவில்லை. மேஸ்திரியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவ்வளவு பெரிய மனுஷர், என்ன நினைத்தாரோ, வந்தார். சிவப்புத் துணியைப் பிடுங்கி எறிந்து, குழாயை அவர் காதில் வைத்தேன். எங்கள் தூண் நம்பரை அவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரியின் முகத்தில் கோபம் வடிந்தது. அடுத்த ஆளிடம் குழாயைக் கொடுத்தார். பிரசாதம் வாங்குகிற மாதிரி ஒவ்வொருவராக வந்து வாங்கிக் கேட்டார்கள். மாமாவை விட்டுவிட்டார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கலைந்தார்கள். மாமாவைக் காப்பாற்றியது நான். இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

கடைசியாகக் கேட்டது அத்தை. குழாயைக் காதிலிருந்து எடுத்து, துடைத்து, பீடத்தில் வைத்தாள்.

"ஏட்டி, எம்மவனப் பத்திச் சொன்னதும் இந்தப் பொட்டிதானா?"

எனக்கோ ஜெயித்துவிட்ட சந்தோஷம். "மாடனே இந்தப் பொட்டிதான் அத்தை" என்றேன்.

தரையில் கிடந்த மாமா கையை ஊன்றி எழுந்தார். "இல்ல மதினி. அது மாடன் சொன்னது. அது மட்டும் மாடன் சொன்னது." அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. மாமா அன்றைக்கு அடி வாங்கும்போது அழாதவர், அப்போது அழுதார். எல்லாரும் போனபிறகு எதற்கு அழுகிறார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அத்தை எங்கள் வாசலுக்கு வந்து, ஒரு தட்டை என் கையில் கொடுத்தாள். "நீ வச்சுக்கோ, ஒனக்கு ஆவும்." நல்ல கனமான பித்தளைத் தட்டு. அதுவரை தனித் தட்டில் சாப்பிட்டதில்லை நான். மாமாவைக் காப்பாற்றியதற்குப் பரிசு என்றே நினைத்தேன்.

அம்மா அதில் எனக்குச் சோறு போடவே இல்லை. தினமும் கழுவித் துடைத்து, அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்தாள். எனக்கென்று கொடுத்த தட்டை அம்மா யாருக்காக எடுத்து வைக்கிறாள் என்று, நான் ஒரு வாரம் சாப்பிடாமல் ரகளை பண்ணினேன்.