ஏழாம் டேங்கின் வெண்ணெய் வாசனை

பீர் ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் 'மூக்கு'. வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்து 'மூக்கக்கா' என்பார்கள். பாட்டில் கழுவும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள். இரண்டாம் வருடம் ஒருநாள், கழுவிக் காய்ந்த பாட்டில் ஒன்றை முகர்ந்துவிட்டு, "இதுல யாரோ மண்ணெண்ணெய் ஊத்தி வச்சிருந்திருக்காங்க" என்று தனியாக எடுத்து வைத்தாள். மேற்பார்வையாளர் சிரித்தார். பீர் காய்ச்சும் பிரிவின் தலைவர் சிரிக்கவில்லை. எல்லோரும் மாஸ்டர் என்று அழைக்கும் அவர், அந்தப் பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் அவளை மாடியிலிருந்த சுவைக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்.

ஜன்னல் இல்லாத வெள்ளை அறை அது. ஆறு தடுப்புகள், தடுப்புக்கு ஒரு குழாய், துப்புவதற்கு ஒரு தொட்டி. அங்கே வருகிறவர்கள் வாசனைச் சோப்புகூடப் போடக் கூடாது.

ஆலையின் பெருமை இந்தியா பேல் ஏல். சுருக்கமாக ஐபிஏ. இங்கிலாந்திலிருந்து கப்பலில் இந்தியாவுக்கு வந்த பீர் என்பதால் அந்தப் பெயர். மாதக்கணக்கில் கடலில் கிடந்தும் கெடாமலிருக்க, ஹாப்ஸ் என்கிற கொடியின் பச்சைப் பூவை அள்ளிப் போட்டார்கள். கசப்பு அந்தப் பூவிலிருந்து வருவதுதான். ஆனால் ஐபிஏ என்றால் கசப்பு என்று யாராவது சொல்லிவிட்டால் மூக்குக்குக் கோபம் வந்துவிடும். பழைய இங்கிலாந்து ரகத்தில் பிஸ்கட் வாசமும் மழை நனைத்த மண்ணும் இருக்கும். வெஸ்ட் கோஸ்ட் ரகம் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். பைன் மரமும் ஆரஞ்சுத் தோலும் மணக்கும், கடைசியில் நாக்கைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளும். ஹேஸி என்கிற கலங்கல் ரகம் பழச்சாறு மாதிரி. மாம்பழம், கொய்யா, கசப்பு பெயருக்குத்தான். கறுப்பு ஐபிஏவில் வறுத்த தானியம். டபுளில் எல்லாமே இரட்டிப்பு, போதை உட்பட. செஷன், நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே குடிக்கிற லேசான சரக்கு. பதினோரு வருடம் வாயில் வைத்து, துப்பி, எழுதி, இதையெல்லாம் அவளாகவே கற்றுக்கொண்டாள். மூக்கு சரி என்றால்தான் டேங்க் திறக்கும்.

அவள் கணவன் லிப்ட் மெக்கானிக், பீரைத் தொடாதவன். "எம் பொண்டாட்டி பகல்லயே குடிக்கிறா, அதுக்குச் சம்பளமும் வாங்குறான்னு சொன்னா எவனும் நம்ப மாட்டேங்குறான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். கணவன் கூடத்திலிருந்து ஓடி வந்தான்.

"பால் தீயுது! வீடே நாறுது, மூக்குக்காரி என்ன பண்ணிட்டிருக்க?"

பாத்திரத்தின் அடி கறுத்திருந்தது. அவள் அதன்மேல் குனிந்து மூச்சை இழுத்தாள். சூடான காற்று மட்டும் வந்தது. காப்பித்தூள் டப்பாவைத் திறந்தாள். சோப்பை எடுத்தாள். கணவனின் வியர்வைச் சட்டையில் முகத்தைப் புதைத்தாள். ஒன்றுமே இல்லை.

"சளி இறங்கினா சரியாயிடும்" என்றான் அவன்.

சளி இறங்கியது, சரியாகவில்லை. மூக்கு போனாலும் நாக்குக்குக் கசப்பு தெரியும். வேலைக்குத் திரும்பிய நாளில் நான்கு ஐபிஏக்களை வரிசையாக வாயில் வைத்தாள். நான்கும் கசந்தன, ஒன்று கொஞ்சம் கூட, ஒன்று கொஞ்சம் குறைய. மாம்பழமும் பைன் மரமும் எங்கோ போய்விட்டிருந்தன. பழைய குறிப்பேடுகளைப் பார்த்து எழுதினாள். பக்கத்துத் தடுப்புக்காரரின் முகச்சுளிப்பைப் பார்த்து எழுதினாள். மூன்று மாதம் அப்படியே ஓடியது.

ஏழாம் டேங்கில் ஹேஸி இருந்தது. நிலவறையில் டேங்குகளைப் பார்த்துக்கொள்பவன் ஒரு குவளையோடு மாடிக்கு வந்தான். பேச்சு குறைவு, வேலை சுத்தம் என்று பெயரெடுத்தவன். ஹேஸியில் கடைசியாகவும் ஒருமுறை ஹாப்ஸ் போடுவார்கள். அதில் சில சமயம் ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொண்டு பீரை நுரைக்க வைக்கும். அப்போது ஒரு வெண்ணெய் வாசனை கிளம்பும். இரண்டு மூன்று நாள் சும்மா விட்டால் தானாக அடங்கிவிடும். அவசரப்பட்டுக் குளிர வைத்தால் சரக்கு பாழ்.

"அக்கா, எனக்கு லேசா வெண்ணெய் அடிக்குது. ரெண்டு நாள் விட்டுப் பாக்கலாமா?"

அவள் குவளையை மூக்குக்கு அருகே கொண்டுபோனாள். எதிரே அவன் காத்திருந்தான். ஆமாம் என்றால் என்ன மாதிரி வெண்ணெய், எவ்வளவு என்று அவன் கேட்பான். அதற்குப் பதில் அவளிடம் இல்லை.

"உனக்கு எதுக்கு இந்த வேலை? சுத்தமா இருக்கு. குளிர வை."

"இல்லக்கா, நாக்குலகூட வழவழன்னு..."

"நான் மூக்கா, நீ மூக்கா?"

அவன் படியிறங்கிப் போய்க் குளிர வைத்தான். பதிவேட்டில் அவன் கையெழுத்து.

பாதியில் நின்றுபோன ஈஸ்ட் டின்களுக்குள் மறுபடி விழித்துக்கொள்ள, மூன்றாம் வாரம் கடைகளில் டின்கள் உப்பத் தொடங்கின. திறந்தவர்கள் வெண்ணெய் நாற்றம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். முதலாளியின் மருமகன் விசாரணைக்கு வந்தான். நீள மேசை; ஒரு பக்கம் மருமகனும் மாஸ்டரும், மறுபக்கம் அவளும் டேங்க்காரனும்.

"நீங்க பார்த்தப்போ எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டான் மருமகன்.

டேங்க்காரன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பயந்த பார்வை இல்லை. அக்கா சொல்லிவிடுவாள் என்று நம்பிய பார்வை.

"சுத்தமா இருந்துச்சு. அப்புறம்தான் ஏதோ ஆயிருக்கணும்" என்றாள்.

அன்று மாலையே அவனை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

நாற்பது நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு மாஸ்டரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேற யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல சார்."

"அப்படியே இருக்கட்டும். அறிக்கை மேல போயாச்சு. அதுல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப மாத்திச் சொன்னா உன்னோட சேர்ந்து நானும் வெளியதான்."

அவளைச் சுவைக்கூடத்திலிருந்து எடுத்து, ஆலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஐபிஏ ரகங்களை விளக்கும் வேலையில் போட்டார். மனப்பாடமாகச் சொன்னாள்: இதில் பைன், இதில் மாம்பழம். ஒருநாள் குவளைகள் இடம் மாறியிருந்தன. வாசனையில் எல்லாமே அவளுக்கு ஒன்றுதான். கறுப்பு, கலங்கல், தெளிவு என்று கண்ணால் பார்த்துச் சமாளிப்பவள், அன்று பழைய இங்கிலாந்து ரகத்தை வெஸ்ட் கோஸ்ட் என்று புகழ்ந்து தள்ளினாள். "மேடம், இதுல ஆரஞ்சு எங்க இருக்கு?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். கழிவறைக்குப் போய் அழுதாள்.

அந்த ஞாயிறு டேங்க்காரனின் வீட்டைத் தேடிப் போனாள். இரண்டாம் மாடி. கதவைத் திறந்த அவன் மனைவி, யாரென்று தெரிந்ததும் உள்ளே வா என்று சொல்லவில்லை. அவனே வாசலுக்கு வந்தான். தண்ணீர் கேன் நிரப்பும் இடத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னான்.

"எனக்கு மூக்கு போயிடுச்சுப்பா. அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியல. பொய் சொல்லிட்டேன்."

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா" என்றான். "நான் மோந்து சொல்லியிருப்பேனே. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவன் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். இதற்கு, கொண்டுபோயிருந்த கடிதத்தைத்தான் நீட்ட முடிந்தது. நடந்தது அனைத்தும், மாஸ்டர் மறைக்கச் சொன்னது உட்பட, அதில் இருந்தது, அவள் கையெழுத்தோடு. அவன் நின்றபடியே படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.

கடிதத்தைப் பார்த்து வேறொரு பீர் ஆலை அவனைச் சேர்த்துக்கொண்டது. அதன் நகல் இங்கே மருமகன் கைக்கும் வந்து சேர்ந்தது. ஒரே வாரத்தில் மூக்கும் வெளியே, மாஸ்டரும் வெளியே. மாஸ்டர் போகும்போது அவளைத் தாண்டித்தான் போனார், முகம் கொடுக்கவில்லை.

இப்போது அவள் ஒரு துணி வெளுக்கும் கடையில் ரசீது போடுகிறாள். வாசனை கொஞ்சம் திரும்பியிருக்கிறது, ஆனால் கோணலாக: காப்பியும் ரோஜாவும் ஒரேமாதிரி கருகிய ரப்பராக வீசுகின்றன. போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் டேங்க்காரனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். "நல்லா இருக்கியாப்பா?" என்றாள். அவன் கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டான். இருவருக்கும் ஒரே பேருந்துதான். அவள் ஏறினாள். அவன் அடுத்த பேருந்துக்கு நின்றுவிட்டான்.