ஆணியில் நின்ற சக்கரம்

மாமி ஒரு ஸ்பானியரைக் கட்டப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து அப்பா மாமியோடு பேசுவதில்லை. மாமி அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் ஜெர்மனியில், டோர்ட்மண்டில் எங்களோடுதான் இருந்தார்.

"அவரும் எங்களைப்போல மாதா கோயிலுக்குப் போற வேதக்காரர்தானே?" என்று அம்மா சொல்லிப் பார்த்தார்.

"கோயிலிலை நிக்கட்டும். வீட்டுக்கை என்னத்துக்கு?" என்றார் அப்பா. கடைசியில் கொஞ்சம் இறங்கினார்: ஒருமுறை வந்து போகலாம், ஆனால் சாப்பாடு கிடையாது. சோறு போட்டால் சம்மதம் என்று ஆகிவிடுமாம்.

ஸ்பானியர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். என் நெஞ்சளவு உயரமான சிவப்புத் தகர உருளையொன்றை மூன்று மாடியும் சுமந்து வந்து, மூச்சு வாங்க "வணக்கம் அண்ணை" என்றார். மாமி பழக்கிய தமிழ் அவ்வளவுதான். அப்பா தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது போடப்பட்டிருக்கவில்லை.

உருளையின் மூடியில் எண்கள் எழுதிய சக்கரம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பானியர் ஜெர்மனில் விளக்கினார். அவருடைய ஊரில் தெருவில் இப்படித்தான் விற்பார்களாம். சக்கரம் எந்த எண்ணில் நிற்கிறதோ அத்தனை பிஸ்கட் நமக்கு. உள்ளே காகிதம்போல மெல்லியதாக, குழலாகச் சுருட்டிய, கறுவாப்பட்டை மணக்கும் பிஸ்கட்டுகள். ஆனால் சக்கரத்தில் எண்களுக்கு நடுநடுவே ஆணிகளும் இருந்தன. ஆணியில் நின்றால் வென்றதெல்லாம் போய்விடும். எல்லோருக்கும் விருந்தும் வைக்கவேண்டும்.

நான் சுற்றினேன். ஏழு! நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரி கூட்டுகிற தும்புத்தடியால் எங்கள் தரையை இடித்தாள். அம்மாவுக்கு மூன்று. மாமி சுற்றவேயில்லை, விரல்களைப் பிசைந்தபடி அப்பாவையே பார்த்தார். அப்பாவின் கால் ஆடத் தொடங்கியிருந்தது. கரம் போர்ட் விளையாட்டில் தோற்றால் இரவு சாப்பிடாத மனிதர் அவர்.

"தள்ளு பாப்பம்," என்று எழுந்து வந்தார்.

அப்பாவுக்குப் பத்து, ஸ்பானியருக்கு எட்டு, மறுபடியும் அப்பா! நான் மேசையில் ஏறிக் குதித்தேன். இருவரும் தோளை இடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு மாமியும் சிரித்தார். அப்பா அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு, "இது கடைசி," என்று சுற்றினார்.

சக்கரம் ஆணியைத் தாண்டித்தான் போயிருக்கும். அப்பாவின் சின்னவிரல் விளிம்பைத் தொட்டதை மேசைமேல் நின்ற நான் கண்ணால் கண்டேன்.

"அப்பா அளாப்புறார்! கள்ள விளையாட்டு!" என்று கத்தினேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

"ஆணியிலை நிண்டிட்டுது. இனி என்ன செய்யிறது?" அப்பா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு மாமியிடம் திரும்பினார். "வாற ஞாயிறு அவரின்ரை தாய் தேப்பனையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வரச்சொல்லு."

மாமி முகத்தைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. வெல்வதற்காக அளாப்புகிறவர்களைப் பள்ளிக்கூடத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். தோற்பதற்காக அளாப்பியவரை அன்றுதான் பார்த்தேன். அப்பாவுக்கு விளையாடவே தெரியாது என்று முடிவுகட்டிவிட்டேன்.